ஆஸ்கார் தொட்டியில் எந்தச் செடி நிற்கும்?

முரட்டு மீன் வளர்ப்பவர் செடி வாங்க வந்தால், "உங்கள் மீன் செடியை என்ன செய்யும்? தோண்டுமா, தின்னுமா, மோதி உடைக்குமா?" என்று கடைக்காரர் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்பதில்லை. "என்ன அளவுத் தொட்டி?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு கட்டு கபோம்பாவைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டு மறுநாள் காலையில் ஃபில்டர் பஞ்சில் இருக்கும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வீடு வில்லிவாக்கத்தில்; வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்தில்தான். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது ஐந்தடித் தொட்டியையும் அதிலிருந்த இரண்டு ஆஸ்கார் மீன்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். பெரிய மீனுக்குப் பீமன் என்று பெயர் வைத்தவனும் அவனே. மரத்தை வேரோடு பிடுங்கிச் சண்டை போட்டவனின் பெயர் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. செடி இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லாததால், இந்த மீனோடு எது பிழைக்கும் என்று ஆராயத் தொடங்கினேன். இப்போது தெருவில் ஃபிளவர்ஹார்ன் வைத்திருக்கும் பையன்கள் எல்லாம் "டீச்சர், என்ன செடி போடலாம்?" என்று வந்து நிற்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற மீன்களை விரட்டும் குணம் வேறு, செடியை அழிக்கும் குணம் வேறு. ஆண் ஃபைட்டர் மீன் இன்னொரு ஆணைக் கண்டால் கிழித்துவிடும். ஆனால் செடியின் இலைமேல்தான் படுத்துத் தூங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைச் சேர்ந்த குட்டிப் பஃபர் மீன் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். கூட இருக்கும் மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும் அதற்கும் செடிமேல் பகை கிடையாது. சொல்லப்போனால் அடர்ந்த செடி இருந்தால்தான் அதன் சண்டை குறையும். டைகர் பார்ப் மென்மையான இலை நுனிகளைக் கொஞ்சம் கொறிக்கும், அவ்வளவுதான். இந்த மீன்களை வளர்ப்பவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டு, பிடித்த செடியை வாங்கிக்கொள்ளலாம்.

சில்வர் டாலர் மீன் இதற்கு நேர் எதிர். கூட்டமாகத் திரியும் பரம சாது. ஆனால் செடித் தொட்டியில் விட்டால் தண்டு மட்டும்தான் மிஞ்சும். டின்ஃபாயில் பார்ப், பாக்கு, ஜயன்ட் கௌராமி ஆகியவையும் இலை தின்பவையே. நம் கரிமீனையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் இந்தியாவின் சொந்த இனங்கள் மூன்றில் ஒன்றான அது பாசியையும் இலையையும் விரும்பித் தின்னும்.

ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன், ஜாக் டெம்ப்சி, கிரீன் டெரர், கான்விக்ட் போன்ற அமெரிக்க சிக்லிட்கள் மூன்றாவது வகை. இவற்றுக்கு இலை பெரிய ஆகாரம் அல்ல. இவற்றின் வேலை தோண்டுவது. முட்டையிடும் காலம் வந்தால் ஒரு தட்டையான இடத்தைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் இருக்கும் கூழாங்கல்லை வாயால் அள்ளி அள்ளிக் கொட்டிக் குழி பறிக்கும். அங்கே நிற்கும் செடி இடைஞ்சல் என்று பிடுங்கப்படும். அதோடு, முப்பது சென்டிமீட்டருக்கு மேல் வளரும் ஓர் ஆஸ்கார் பயந்து திரும்பினாலே வாலின் வீச்சில் மென்மையான தண்டு ஒடிந்துவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வரும் ம்புனா மீன்கள் கொஞ்சம் கலப்படம்: பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை என்பதால் செடியையும் சுரண்டிப் பார்க்கும், மணலையும் தோண்டும்.

தோண்டும் மீன் இருக்கும் தொட்டியில் செடியைக் கூழாங்கல்லில் நடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பிடுங்க வேர் அகப்படாத இடத்தில் செடி இருக்க வேண்டும். கல்லையோ கட்டையையோ பற்றி வளரும் செடிகள் இதற்கென்றே பிறந்தவை.

அவற்றில் முதலிடம் அனுபியாஸுக்கு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைகளில் பாறையையும் வேரையும் பிடித்துக்கொண்டு வளரும் செடி இது. இலை தடித்துத் தோல்போல இருக்கும். சேம்பும் கருணைக்கிழங்கும் எந்தக் குடும்பமோ அதே ஏரேசி குடும்பம்தான் அனுபியாஸும். கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டை ஏன் அரிக்கிறது? அதன் செல்களுக்குள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் குத்துவதால். பதினொன்றாம் வகுப்பில் 'ராஃபைடுகள்' என்று படித்தது நினைவிருக்கலாம். அனுபியாஸ் இலையிலும் அந்த ஊசிகள் உண்டு. பசித்த சில்வர் டாலர்கூட இதைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடும்.

வாங்கும்போது 'நானா' என்ற குட்டி வகையை ஆஸ்கார் தொட்டிக்கு எடுக்காதீர்கள். பெரிய மீன் தள்ளிக்கொண்டே போய்விடும். அகன்ற இலையுள்ள பார்ட்டெரி, அல்லது இலை அலையலையாக மடிந்த காஃபிஃபோலியா நல்லது. இலையைவிடத் தண்டை நன்றாகப் பாருங்கள். தரையோடு படுத்து வளரும் அந்த மட்டநிலத் தண்டு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று அமுங்கினாலோ அழுகிய வாடை வந்தாலோ, இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். ஐந்தாறு இலையாவது உள்ள நீண்ட தண்டாக வாங்குங்கள். மாதத்துக்கு ஓரிரு இலை விட்டாலே பெரிது. சிறு துண்டாக வாங்கினால் அது செடியாகும் வரை காத்திருந்தே அலுத்துவிடும்.

இந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். ஆகவே கல்லில் ஒட்ட வேண்டும். சயனோஅக்ரிலேட் பசையில் ஜெல் வகையாக வாங்குங்கள். ஃபெவிக்விக் போன்ற திரவப் பசையும் ஒட்டும், ஆனால் வழிந்தோடும். தண்டின் அடிப்பக்கத்தையும் கல்லையும் துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு மூன்று இடங்களில் பொட்டுப் பொட்டாகப் பசை வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். தண்ணீர் பட்டதும் பசை வெள்ளையாக இறுகும். மீனுக்கு அதனால் கேடில்லை. பருத்தி நூலால் கட்டச் சொல்வார்கள். சாதுவான மீன்களுக்கு அது சரி. ஆஸ்கார் தொட்டியில் அனுபியாஸின் வேர் கல்லைப் பிடிப்பதற்குள் நூல் இற்றுப்போகும், பீமன் கட்டை அவிழ்த்துக் கொடுப்பான். செப்புக் கம்பி கூடவே கூடாது.

கல்லின் எடை முக்கியம். கைப்பிடி அளவுக் கல்லை வளர்ந்த ஆஸ்கார் உருட்டிவிடும். மூன்று நான்கு கிலோ உள்ள, தட்டையாக அமரும் கருங்கல் துண்டைத் தேடுங்கள். கல்லைத் தொட்டியின் அடிக் கண்ணாடியோடு படிய வைத்துவிட்டு அப்புறம் கூழாங்கல்லைச் சுற்றிப் போடுங்கள். கூழாங்கல்லின் மேல் கல்லை வைத்தால், மீன் அடியில் தோண்டத் தோண்டக் கல் சாய்ந்து கண்ணாடியை உடைக்கும். கல் சுண்ணாம்பு வகையா என்று தெரிய அதன்மேல் வினிகர் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் சுண்ணாம்பு. அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். ம்புனா தொட்டிக்கு அது நல்லதே, அமெரிக்க சிக்லிட்களுக்கு வேண்டாம்.

அனுபியாஸுக்கு அடுத்தது ஜாவா ஃபெர்ன். தென்கிழக்கு ஆசியாவின் பெரணி. இதையும் ஒட்டித்தான் வளர்க்க வேண்டும், தண்டைப் புதைக்கக் கூடாது. இலையின் சுவை மீன்களுக்குப் பிடிப்பதில்லை. ஆகவே இலை தின்னும் மீன்களுக்கும் இதுவே என் முதல் பரிந்துரை. இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தால் நோய் என்று வெட்டி எறிகிறார்கள். அவை வித்தகங்களின், அதாவது வித்துப் பைகளின் தொகுப்புகள். பூக்காத செடிக்கு அதுதான் சந்ததி வழி. முதிர்ந்த இலையின் நுனியில் வேரோடு குட்டிச் செடிகளும் முளைக்கும். மீன் அந்த இலையைப் பிய்த்தாலும் குட்டி மிதந்துகொண்டே வளரும். எடுத்து இன்னொரு கல்லில் ஒட்டிவிடலாம்.

போல்பிடிஸ் என்ற ஆப்பிரிக்கப் பெரணியும் இந்த வகைதான், பார்க்க இதைவிட அழகு. ஆனால் அதற்கு ஓடும் நீரும் மென்மையான, சற்றுக் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும் சென்னையில், அதுவும் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில், அது கறுத்துப்போகும். ஊட்டியில் இருப்பவர்கள் வாங்குங்கள்.

ஃபிளவர்ஹார்ன்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. 1990களில் மலேசியாவில் அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவான அந்த மீனை இங்கே வாஸ்துவுக்காகவும் வாங்குகிறார்கள். தண்ணீர் மாற்றும் போதெல்லாம் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போடுவதும் பலருக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் இருந்தால் உங்கள் செடித் தேர்வு மிகவும் சுருங்கிவிடும். லேசான உப்பை ஜாவா ஃபெர்ன் தாங்கும். அனுபியாஸும் ஓரளவு தாங்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை கரைந்துபோகும். செடி வேண்டுமானால் உப்பை மருந்தாக மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் தனி வாளியில் மீனை எடுத்துவைத்துக் கொடுங்கள்.

கல்லில் ஒட்டும் செடிகள் எல்லாமே குள்ளம். தொட்டியின் பின்பக்கம் உயரமாக ஏதாவது வேண்டும் என்றால் வாலிஸ்நேரியா. நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்குப் பாடப்புத்தகம் காட்டும் அதே செடிதான்: ஆண் மலர் அறுந்து மிதந்து வரும், பெண் மலர் சுருள் காம்பில் மேலே வந்து காத்திருக்கும். தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் இதற்கு இருப்பதால் சென்னையின் கடினநீர் இதற்குக் கொண்டாட்டம். ஓடுதண்டு விட்டுப் பரவும் வேகத்தில், மீன் நான்கைப் பிடுங்கினால் ஐந்து முளைக்கும். மலாவி ஏரியிலேயே வாலிஸ்நேரியா வளர்கிறது என்பதால் ம்புனா தொட்டிக்கும் பொருத்தம். நாடா போன்ற அதன் இலைத்திரை இன்னொரு காரியமும் செய்யும்: விரட்டப்படும் மீன் அதற்குள் நுழைந்துவிட்டால் விரட்டும் மீனின் பார்வையிலிருந்து தப்பிவிடும். இரண்டு மீன்களுக்கு நடுவே பார்வை மறைந்தாலே பாதிச் சண்டை நின்றுவிடும். ஆனால் சில்வர் டாலருக்கும் கரிமீனுக்கும் இது விருந்து. அந்தத் தொட்டியில் போடாதீர்கள்.

வாலிஸ்நேரியாவுக்கு மண் வேண்டும், ஆகவே தோண்டும் மீனிடமிருந்து காக்க வேண்டும். அகலமான மண்சட்டி வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, கழுவிய ஆற்றுமணலை முக்கால் பங்கு நிரப்பி நடுங்கள். வேருக்குப் பக்கத்தில் ஒரு உர மாத்திரையைப் புதையுங்கள். மேலே, மீனின் வாய்க்குள் நுழையாத அளவுள்ள கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். இலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி கல்லுக்கு மேலே தெரிய வேண்டும், மூடினால் அழுகும். பாசிக்கொல்லியாக விற்கும் 'திரவ கார்பன்' மருந்தை இதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். குளூட்டரால்டிஹைடு கலந்த அந்த மருந்தில் வாலிஸ்நேரியா உருகிவிடும்.

இதே சட்டி முறையில் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டியையும் வைக்கலாம். இடம் மாற்றினால் முதலில் இலை எல்லாம் கரையும்; பதறி எறியாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும். ஓயாமல் சட்டியைக் கலைக்கும் மீன் இருந்தால் இது தாங்காது.

கொஞ்சம் செலவு செய்ய மனம் இருந்தால் கிரைனம். வெங்காயம் போன்ற குமிழத்திலிருந்து நாடா இலைகள் ஒன்றரை மீட்டர்கூட நீளும். இலை இழுபட்டாலும் அறுக்கக் கடினமான வகை. பெரிய மீனுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும். தாய்லாந்தின் ரனோங், பாங்ஙா பகுதிகளுக்கே உரிய கிரைனம் தாயானும் இயற்கையில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். குமிழத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மணலுக்குள் இருக்கட்டும்.

வேரே இல்லாத செடியை எந்த மீன் பிடுங்கும்? ஹார்ன்வொர்ட் அந்த வகை. மேலே மிதக்க விட்டால் போதும், வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்கும் அளவுக்கு வளர்ந்து, மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை உறிஞ்சிவிடும். மீன் அதைக் கடித்துக் குதறினாலும் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். ஊசி இலைகள் உதிர்ந்து ஃபில்டரை அடைப்பது மட்டும் தொல்லை; உறிஞ்சும் குழாயின் வாயில் பஞ்சு மாட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழி எண்ணிய ஹைட்ரில்லா நினைவுக்கு வரும். அதைவிட ஹார்ன்வொர்ட் இந்த முரடர்களிடம் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது.

என் தொட்டியில் அதிகம் உழைப்பது கடையில் மீன்செடி என்று விற்காத ஒன்று: மணி பிளாண்ட். இலை தண்ணீருக்கு வெளியே, வேர் மட்டும் உள்ளே. ஆஸ்கார் அளவுக்குக் கழிவு போடும் மீனுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. வேரைத் தொட்டிக்குள் நேராகத் தொங்கவிட்டால் பீமன் பிய்த்து விளையாடுவான்; ஆகவே மேல் ஃபில்டர் பெட்டிக்குள் வேரை விட்டு, கொடியை ஜன்னல் கம்பியில் ஏற்றியிருக்கிறேன். மண்ணில் வளர்ந்த கொடியாக இருந்தால் வேரை மண் போகக் கழுவுங்கள். பூச்சிமருந்து தெளித்த நர்சரிச் செடி வேண்டாம்.

சரி, எதை வாங்கக் கூடாது? கபோம்பா, ரோட்டாலா, லுட்விஜியா போன்ற மெல்லிய தண்டுச் செடிகள், தரையில் புல்விரிப்பாகப் படரும் குட்டிச் செடிகள் எதுவும் இந்த மீன்களிடம் தங்காது. இன்னொரு பெரிய ஏமாற்று, நிலத்துச் செடியை நீர்ச்செடி என்று விற்பது. லக்கி பேம்பூ, சிவப்பு ஹெமிகிராஃபிஸ், சிங்கோனியம் எல்லாம் தொட்டிக்குள் சில வாரம் பச்சையாக நின்றுவிட்டு அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். நீருக்குள்ளேயே வாழும் செடிக்குத் தாங்குதிசு குறைவு என்பதால் துவண்டு தொங்கும். விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸும் கிரிப்டோகோரைனும் கிரைனமும் விதிவிலக்கு. அவை நீரிலும் கரையிலும் வாழ்பவை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, நன்றாக அலசுங்கள். ஹார்ன்வொர்ட்டையும் வாலிஸ்நேரியாவையும் அதில் பாதி நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். ஒட்டிவரும் நத்தையைப் பற்றிக் கவலை வேண்டாம்; ஆஸ்கார் அதைப் பொரிகடலைபோல் தின்றுவிடும்.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணிநேரம் போதும். மெதுவாக வளரும் அனுபியாஸ்மேல் பளீரென்ற வெளிச்சம் விழுந்தால் இலையெல்லாம் கரும்பாசி படியும். மிதக்கும் ஹார்ன்வொர்ட்டின் நிழலில் வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எதுவும் தேவையில்லை.

புதுத் தொட்டியாக இருந்தால் செடியை முதலில் வைத்து, வேர் பிடித்த பிறகு மீனைச் சிறு குஞ்சாக விடுவது நல்லது. மீன் ஏற்கெனவே வளர்ந்துவிட்டது என்றால், செடி வைக்கும் நாளில் தொட்டியின் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். தன் எல்லை எது என்று மறுபடி அளந்து பார்ப்பதிலேயே மீனுக்கு முதல் சில நாள் போய்விடும். செடிமேல் கவனம் குறையும். முட்டையிடும் ஜோடி இருந்தால் தட்டையான வெறுங்கல் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். சுத்தம் செய்ய ஒரு கல் கிடைத்துவிட்டால் அனுபியாஸ் இலையைத் தேட மாட்டார்கள்.

பச்சையைத் தின்னும் மீனுக்குப் பச்சையைக் கொடுத்துவிடுவதும் ஒரு வழி. பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கல்லில் கட்டி இறக்குங்கள். தோலுரித்த பச்சைப் பட்டாணி ஆஸ்காருக்கும் பிடிக்கும், வயிற்றுக்கும் நல்லது. மிச்சத்தை மாலையிலேயே எடுத்துவிடுங்கள்.

ஐந்தடித் தொட்டி, ஒரு ஜோடி ஆஸ்கார் என்றால் நான் வாங்கச் சொல்வது இவ்வளவுதான்: பெரிய அனுபியாஸ் மூன்று, ஜாவா ஃபெர்ன் இரண்டு கொத்து, வாலிஸ்நேரியா ஒரு சட்டி, ஒரு பிடி ஹார்ன்வொர்ட், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய மணி பிளாண்ட் கொடி ஒன்று. ஆகாயத்தாமரையை மட்டும் தவிருங்கள். வெளிச்சத்தை முழுதாக மறைத்துவிடும், வேரை மீன் பிய்த்துப் போட்டு ஃபில்டர் அடைபடும். எந்தச் செடியைக் கழித்தாலும் ஏரியிலோ மழைநீர்க் கால்வாயிலோ வீசாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து மாடித் தோட்ட மண்ணில் கலந்துவிடுங்கள்.